கோணேசர் மலை முதல் உகந்தை வரை: கிழக்குக் கரையில் தனி மோட்டார் சைக்கிள் ஓட்டம்

முதல் நாள்: திருகோணமலை

வைகாசியிலிருந்து புரட்டாதி வரைதான் இலங்கையின் இந்தக் கிழக்குக் கரைக்குப் பருவம். தென்மேற்குப் பருவக்காற்று கொழும்புப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மலைநாட்டைத் தாண்டும்போது ஈரத்தை இழந்து சுடுகாற்றாய்க் கிழக்கே இறங்குகிறது. மட்டக்களப்புப் பக்கம் கச்சான் என்று சொல்வது இந்தக் காற்றைத்தான். முகத்தைப் பொசுக்கும். ஆனால் சர்ஃபிங்குக்கு, அதாவது பலகையில் நின்று அலையில் சறுக்குவதற்கு, இதுதான் வேண்டும். தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால், எழும்பி வரும் அலையின் முகத்தைச் சீராக்கி, அது உடையும் நேரத்தைச் சற்றுத் தள்ளிப்போடும். அலையை உண்டாக்குவது வேறு காற்று. தென் அரைக்கோளத்தில் இப்போது குளிர்காலம். 40 பாகைக்குத் தெற்கே அடிக்கிற புயல்களில் கிளம்பும் நீண்ட அலை ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் ஓடி வந்து, இலங்கையின் தென்கிழக்கு மூலையில் வளைந்து கரையேறுகிறது. அது வருவது தெற்கிலிருந்து என்பதால், ஒவ்வொரு பாறை முனையிலும் உடையத் தொடங்கி வடக்கு நோக்கி உரிந்துகொண்டே போகும். கடலில் இருந்து கரையைப் பார்ப்பவருக்கு அது வலப்பக்கம். பொத்துவிலுக்குத் தெற்கேயுள்ள அறுகம்பே என்கிற குடாவைச் சுற்றியுள்ள பேர்பெற்ற முனைகள் எல்லாமே வலக்கை அலைகளாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

நாளின் ஒழுங்கையும் முதலிலேயே சொல்லிவிடலாம். விடியலில் கடல். பத்து மணிக்குப் பிறகு வீதி. பின்னேரம் காடு. ஐந்தரைக்கு மேல் மோட்டார் சைக்கிள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். இந்தப் பருவத்தில் ஏழு மணிக்குள் இருட்டிவிடும், பொத்துவிலுக்குத் தெற்கே இருட்டில் வீதி யானைக்குச் சொந்தம்.

வண்டிக்கு 150 முதல் 200 சிசி தாராளம். பல்சர், அப்பாச்சி, எஃப்இசட் போன்றவற்றில் ஒன்றை எடுத்தால் கல்முனையிலும் பொத்துவிலிலும் பாகம் கிடைக்கும், திறக்கத் தெரிந்த மெக்கானிக்கும் கிடைப்பார். 400 சிசி சாகச வண்டியைக் கொண்டுவந்தால் பார்வைக்கு நன்றாக இருக்கும். பாணமைக்கு அப்பால் மணலில் சாய்ந்துவிட்டால் தனியாளாகத் தூக்க முடியாது. ஸ்கூட்டர் அறுகம்பேயைச் சுற்றி ஓடச் சரி, உகந்தைக் கிறவல் (செம்மண் சரளை) வீதிக்கு அதன் சில்லு சின்னது.

கூடவே போக வேண்டிய சாமான்: முன் பின் இரண்டுக்கும் ஒவ்வொரு ரியூப், டயர் கழற்றும் நெம்பு இரண்டு, கைப்பம்பு, காற்றழுத்தம் பார்க்கும் கருவி, கிளச் கேபிள், ஸ்பார்க் பிளக், செயின் இணைப்புப் பூட்டு, இரண்டு மீற்றர் கம்பி, ஒட்டு நாடா. ரியூப் இல்லாத டயர் என்றால் ரியூபுக்குப் பதில் பஞ்சர் திரியும் ஊசியும். சைட் ஸ்டாண்டுக்கு அடியில் வைக்க உள்ளங்கை அளவுப் பலகைத் துண்டு ஒன்றையும் மறக்க வேண்டாம். மணலில் ஸ்டாண்ட் புதைந்து வண்டி விழுவதால்தான் கிளச் லீவர் முறிகிறது. லீவர் ஒன்றை உபரியாக வைத்திருப்பது இன்னும் நல்லது.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குத் தங்கள் ஊர் உரிமம் மட்டும் போதாது. மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் தற்காலிக அனுமதி வேண்டும். வாடகைக்குக் கொடுப்பவர் "பரவாயில்லை அண்ணா, ஒருத்தரும் கேக்க மாட்டினம்" என்பார். விபத்து நடந்தால் காப்புறுதி கேட்கும்.

பின்னேரம் கோணேசர் மலை. திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிக் கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு ஓடுவதால் திமிங்கிலங்கள் கரைக்கு வழமையை விட அருகே வரும். வைகாசி முதல் ஆவணி வரை, அதிர்ஷ்டம் இருந்தால் கோவிலடிப் பாறையில் நின்றே பார்க்கலாம். காலையில் போகாதீர்கள், சூரியன் நேரே முகத்தில் அடித்துக் கடல் முழுதும் தகரமாய் மின்னும். மூன்று மணிக்குப் பிறகு வெயில் முதுகுப் பக்கம் வந்துவிடும். 8 மடங்கு தூரக்கண்ணாடி போதும். தொடுவானத்துக்குச் சற்றுக் கீழே கண்ணை வைத்து, இடமிருந்து வலமாக மெதுவாகத் தடவிக்கொண்டு வர வேண்டும். தேட வேண்டியது உடம்பை அல்ல, மூச்சை. நேராக உயர்ந்து தூணாய் நிற்கும் மூச்சு நீலத்திமிங்கிலத்துடையது, 9 மீற்றர் வரைகூட எழும்பும். தாழ்வாக, இடப்பக்கம் முன்னோக்கிச் சாய்ந்து புதர்போல் வந்தால் எண்ணெய்த்திமிங்கிலம். அதன் மூச்சுத்துளை தலையின் முன்னே இடப்பக்கமாக இருப்பதால் வரும் சாய்வு அது. கீழே கோட்டைக்குள் புள்ளிமான்கள் ஆட்டுக்குட்டிக் கணக்கில் திரியும். அவற்றுக்கு பிஸ்கட் போடுவதை யாராவது நிறுத்தினால் புண்ணியம்.

இரண்டாம் நாள்: திருகோணமலை – மட்டக்களப்பு

ஏ15 வீதி, சுமார் 130 கிலோமீற்றர். கிண்ணியா, மூதூர், வெருகல், கதிரவெளி, வாகரை, பனிச்சங்கேணி என்று போகும். ஒரு காலத்தில் துறைக்குத் துறை பாதைப்படகுக்குக் காத்துக் கிடந்த வழி இது. 2009இல் திறந்த கிண்ணியாப் பாலம் 396 மீற்றர் நீளம். இப்போது வீதி முழுக்கத் தார், மூன்று மணித்தியாலத்தில் ஓடிவிடலாம்.

கவனிக்க வேண்டியது பாலங்களில் அடிக்கும் பக்கக் காற்று. கச்சான் மேற்கிலிருந்து வரும், வீதி தெற்கே போகும், ஆகவே காற்று எப்போதும் வலத்தோளில். மரங்களுக்கு நடுவே ஓடிவிட்டுத் திடீரென்று களப்பு (கடலோர உவர்நீர்ப் பரப்பு) திறக்கிற இடத்தில் வண்டி இடப்பக்கம் அரை மீற்றர் தள்ளுப்படும். பாலத்துக்கு முன்பே 50க்கு இறங்கி, கைப்பிடியை இறுக்காமல், முழங்காலால் டாங்கியைப் பிடித்துக்கொண்டு போனால் சிக்கல் இல்லை. கைப்பிடியை இறுக்கப் பிடித்தால் காற்றின் ஒவ்வொரு தட்டும் முன் சில்லுக்கு நேரே போய்ச் சேரும்.

இதனாலேயே சர்ஃப் போர்டைத் திருகோணமலையிலிருந்து கட்டிக்கொண்டு வராதீர்கள் என்று சொல்வேன். ஏழடிப் போர்டைப் பக்கவாட்டில் கட்டிய மோட்டார் சைக்கிள் இந்தப் பாலங்களில் பாய் விரித்த தோணி. அறுகம்பேயில் போர்ட் தாராளமாக வாடகைக்குக் கிடைக்கிறது. சொந்தப் போர்ட்தான் வேண்டும் என்பவர்கள் பஸ்ஸில் முன்கூட்டி அனுப்பிவிடலாம்.

இந்த வழியில் சர்ஃபிங் எதுவும் இல்லை. பாசிக்குடாக் கடல் முழங்காலளவு ஆழத்தில் வெகுதூரம் ஓடும். குளிக்க நல்லது, அவ்வளவுதான்.

தண்ணீர் மூன்று லீற்றர் கையில் வேண்டும். கச்சானில் வியர்வை உடனே காய்ந்துவிடுவதால் உடம்பு எவ்வளவு இழக்கிறது என்பதே தெரியாது. தலைவலி தொடங்கினால் ஏற்கெனவே பிந்திவிட்டது. ஓட்டமாவடி, வாழைச்சேனைப் பக்கம் சட்டியில் விற்கும் எருமைத் தயிர் இந்த வெயிலுக்கு எந்தச் சோடாவையும் விட மேல்.

மூன்றாம் நாள்: மட்டக்களப்பு – பொத்துவில் – அறுகம்பே

ஏ4 வீதி, ஏறத்தாழ 110 கிலோமீற்றர். முதல் 65 கிலோமீற்றர், அக்கரைப்பற்று வரை, ஒரே ஊர்தான். காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று பெயர்ப்பலகை மாறுவதைத் தவிர வெளி என்று ஒன்று வராது. ஓட்டோ, மாடு, பள்ளிக்கூடப் பிள்ளை, இடப்பக்கம் திடீரென்று நிற்கும் பஸ். இரண்டரை மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை என்றால் பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை ஜும்ஆத் தொழுகைக்காகக் கடை, கராஜ் எல்லாம் பூட்டு. மெக்கானிக் வேலை ஏதும் இருந்தால் அதற்கு முன் முடிக்க வேண்டும்.

அக்கரைப்பற்றுக்குப் பிறகு தம்பிலுவில், திருக்கோவில் தாண்டியதும் வீதி வெறிச்சோடும். கோமாரிக்கு முன்னே வருவது சங்கமன்கண்டி, இலங்கையின் கிழக்குக் கோடி அதன் முனைதான். இங்கிருந்தே மாலை நேர யானைக் கவனம் தொடங்குகிறது.

பொத்துவிலில் மூன்று காரியம் செய்ய வேண்டும்: டாங்கியை நிரப்ப, பணம் எடுக்க, மருந்துக்கடைக்குப் போக. தெற்கே பெற்றோல் நிலையத்தை நம்பிப் போக முடியாது. பெட்டிக்கடையில் போத்தலில் விற்பதை வாங்கினால் துணியில் வடித்து ஊற்றுங்கள். மருந்துக்கடையில் அயடின், கட்டுத்துணி, சிறிய இடுக்கி, ஜீவனி (நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்). எதற்கு என்பது நாளைக்குத் தெரியும்.

அறுகம்பே வந்ததும் வண்டிக்கு இடப்பக்கப் போர்ட் தாங்கி பூட்ட வேண்டும். இரும்புக் குழாயில் எல் வடிவக் கொக்கி இரண்டு, அதில் றப்பரோ பழைய ரியூபோ சுற்றியிருக்கும். போர்டின் மூக்கு முன்னே, ஃபின் பின்னே வெளிப்பக்கமாக, மெழுகு பூசிய முகம் காலைத் தொடாமல். பின் கொக்கி சைலன்சரிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கிறதா பாருங்கள். சூடு பட்டால் போர்டின் நுரை உள்ளேயே குமிழ் விடும், காசு கட்ட வேண்டியது நீங்கள். எடுக்கும் முன் போர்டின் இரண்டு பக்கத்தையும் கைபேசியில் படம் பிடித்து வைப்பது வழக்கம். விளிம்பில் நகத்தால் அமத்தும்போது மெத்தென்று இருந்தால் தண்ணீர் புகுந்த போர்ட், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நான்காம் நாள்: அறுகம்பே, மெயின் பொயின்ட்

ஐந்தரைக்கே கரையில் நிற்க வேண்டும். ஆடி, ஆவணியில் ஆறரைக்கு மேல் தண்ணீரில் தலைக்குத் தலை மோதும்.

மெயின் பொயின்ட் அலை, குடாவின் தெற்கு முனையிலுள்ள பாறைத் தட்டின் மேல் எழும்பி, வடக்கே மணற்பரப்பு வரை உரிந்துகொண்டே வரும். நல்ல ஸ்வெல் (தூரப் புயலிலிருந்து வரும் நீண்ட அலை) இருக்கும் நாளில் சவாரி 300, 400 மீற்றர் நீளும். சாதாரண நாளில் நடுவில் ஒரு பகுதி தளர்ந்துவிடும், அங்கே போர்டை மேலும் கீழுமாக ஓட்டி வேகத்தைக் காப்பாற்றினால்தான் உட்பகுதி அலை கிடைக்கும். முன்னறிவிப்புப் பார்க்கும்போது உயரத்தை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாறுவார்கள். அலைக்கும் அலைக்கும் இடையிலான நேரம் 12 விநாடிக்கு மேல் இருந்தால் 1 மீற்றர் ஸ்வெல்கூட முனையில் தலையளவு எழும்பும். 8 விநாடி என்றால் அதே 1 மீற்றர் வெறும் சலசலப்பு. வற்றுப்பெருக்கு வித்தியாசம் இங்கே அரை மீற்றரைச் சுற்றித்தான். ஆனால் பாறைத் தட்டின் மேல் அந்த அரை மீற்றர்தான் முழங்காலுக்கும் தோலுக்கும் உள்ள வித்தியாசம்.

உள்ளே போக இரண்டு வழி உண்டு. முனைவரை நடந்து, பாறை இடுக்கில் நின்று, பெரிய அலைக்கூட்டம் கடந்த இடைவெளியில் போர்டின் மேல் பாய்ந்து துடுப்படிப்பது உள்ளூர்ப் பொடியன்கள் வழி. அவர்கள் எந்தக் கல்லில் கால் வைக்கிறார்கள் என்று கால்மணி நேரமாவது பாராமல் அதைச் செய்யக் கூடாது. குடாவின் நடுவிலிருந்து, அலை உடையும் கோட்டுக்கு வெளியே சுற்றிக்கொண்டு போவது மற்ற வழி. பத்து நிமிடம் கூடுதலாகக் கை வலிக்கும், கால் தப்பும்.

அலை யாருக்கு? உடையும் சுருளுக்கு மிக அருகில் எழும்பியவருக்கு. அவருக்கு முன்னால் வடக்குப் பக்கத்தில் எழும்பிப் பாதையை மறிப்பதுதான் இந்தக் கடலில் சண்டை வருகிற ஒரே காரணம். புதிதாக வந்தவர் வரிசையின் வெளி ஓரத்தில் அரை மணி இருந்து, மற்றவர்கள் விட்ட அலையை எடுத்தால் பிறகு ஒருவரும் முறைக்க மாட்டார்கள். உள்ளூர் ஆட்களோடு முதலிலேயே ஒரு வார்த்தை பேசிவிடுவது நல்லது. "தம்பி, இண்டைக்குத் தண்ணி எப்பிடி?" என்று கேட்டால் அலை எங்கே உடைகிறது, எந்தக் கல்லுக்கு விலக வேண்டும் எல்லாம் சொல்வார்கள்.

விழும்போது தலைகீழாகப் பாயாதீர்கள். முதுகைப் பரத்தி, தண்ணீரின் மேல்மட்டத்திலேயே விழுந்து, மேலே வரும்போது இரண்டு கையாலும் தலையை மூடிக்கொள்ளுங்கள். போர்ட், காலில் கட்டிய லீஷ் கயிற்றின் இழுவையில் திரும்பி வந்து அடிப்பது அந்த நொடியில்தான். நிற்கத் தோன்றினாலும் காலை ஊன்ற வேண்டாம். பாறையில் கடல் முள்ளெலி ஒட்டியிருக்கும். முள் ஏறினால், தாங்கக்கூடிய சூட்டு நீரில் அரை மணிக்குக் குறையாமல் காலை வைத்து, வெளியே தெரியும் முள்ளை மட்டும் இடுக்கியால் நேராக இழுக்க வேண்டும். பிதுக்கினால் உள்ளே முறியும். பாறை கீறிய காயத்தை நல்ல தண்ணீர் விட்டு, மணல் துகள் போகும்வரை தேய்த்துக் கழுவி, அயடின் போட்டு, காய வையுங்கள். தேசிக்காய்ப் புளி விடச் சொல்லும் அண்ணன்மார் கரையில் இருப்பார்கள். எரியும் என்பதைத் தவிர அதால் பெரிய பலன் இல்லை. காயம் சிவந்து சுடத் தொடங்கினால் கடலை விட்டுவிட்டுப் பொத்துவில் ஆஸ்பத்திரிக்குப் போவதே சரி.

பத்து, பதினொரு மணியளவில் தரை சூடேறிக் கடற்காற்று திரும்பும். அலையின் முகம் சுருங்கிக் கந்தலாகும். அதோடு காலை முடிந்தது.

படிக்கிறவர்களுக்கு மெயின் பொயின்ட் இடமல்ல. அதற்கு வடக்கே குடாவுக்குள் பேபி பொயின்ட் இருக்கிறது.

ஐந்தாம் நாள்: வடக்கு முனைகள், பின்னேரம் லகுகல

விஸ்கி பொயின்டும் பொத்துவில் பொயின்டும் பொத்துவில் நகரைத் தாண்டி வடக்கே, கடற்கரை மணல் வழியாகப் போகிற இடங்கள். விஸ்கியில் தொடக்கத்தில் மட்டும் சில பாறை, பிறகு மணல். அலை சாது, எழும்பி நிற்கப் பழகியவர்களுக்குச் சரியான வகுப்பறை. பொத்துவில் பொயின்ட் வேறு மாதிரி. பெரிய ஸ்வெல் வந்தால் மணற்கரையை ஒட்டி மிக நீளமாக ஓடும், வராவிட்டால் ஒன்றுமே இல்லை. மணல் திட்டு அமைவதைப் பொறுத்தது என்பதால் பருவத்தின் பிற்பாதியில்தான் அதை நம்பிப் போகலாம்.

பின்னேரம் மூன்றரைக்கு லகுகல. பொத்துவிலிலிருந்து ஏ4 வீதியில் மேற்கே பதினைந்து கிலோமீற்றர் அளவு. 1,554 ஹெக்டேயர்தான், இலங்கையின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. அப்படியிருந்தும் யானை பார்க்க இதை விட எளிய இடம் இந்தப் பக்கம் இல்லை. லகுகலக் குளத்தில் பெரு என்கிற நெட்டைப் புல் வளர்கிறது. சுற்றுக் காடு காய்ந்துபோகும் ஆடி, ஆவணியில் யானைகள் அந்தப் புல்லுக்கு வருகின்றன. வீதியோரத்திலிருந்தே குளத்தைப் பார்க்கக்கூடிய இடங்கள் உண்டு. மற்ற வாகனங்கள் நிற்கும் இடத்தில் மட்டும் நிறுத்துங்கள். புதர் ஓரத்தில் தனியாக நிறுத்திவிட்டு இறங்கி நடப்பது மடத்தனம்.

வீதியில் யானை நின்றால் மோட்டார் சைக்கிள்காரனுக்குக் கதவும் இல்லை, கூரையும் இல்லை. நூறு மீற்றருக்கு முன்பே நிறுத்த வேண்டும். எஞ்சினை அணைக்க வேண்டாம். முதல் வேலையாக வண்டியை வந்த திசைக்குத் திருப்பி, முதல் கியரில் கிளச்சைப் பிடித்தபடி, கண்ணாடியில் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். வீதி அகலத்தில் வண்டியைத் திருப்ப முன்னும் பின்னும் தள்ளிப் பத்து விநாடி எடுக்கும். அந்தப் பத்து விநாடியை யானை ஓடத் தொடங்கிய பிறகு தேட முடியாது. ஹோர்ன் அடிக்க வேண்டாம், லைட்டைத் தூக்கி இறக்க வேண்டாம். பஸ் அல்லது லொறி வந்தால் அதன் மறுபக்கத்தில் ஒட்டிக்கொண்டு கடந்துவிடலாம். இந்த வீதியில் எல்லோரும் செய்வது அதுதான், ஓட்டுநர்களும் வேகத்தைக் குறைத்து இடம் கொடுப்பார்கள்.

தந்தம் இல்லாததால் பெண் யானை என்று நினைத்துக் கிட்டப் போகிறவர்கள் உண்டு. இலங்கையில் ஆண் யானைகளிலும் பெரும்பாலானவைக்குத் தந்தம் கிடையாது. தனியாக நின்றால் ஆண் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே எண்ணெய் வடிந்த மாதிரிக் கறுத்த கோடு தெரிந்தால் மதம் பிடித்தது. அன்றைக்கு வீதி அவருடையது, பொத்துவிலுக்கே திரும்பிவிடுங்கள். காது விசிறுவது நின்று, தும்பிக்கை சுருண்டு, தலை உயர்ந்தால் அடுத்தது ஓட்டம். வீதியோரம் கை நீட்டிக் காத்து நிற்கிற யானைகளையும் காணலாம். வாழைப்பழம் கொடுத்துப் பழக்கியதன் விளைவு. அவை மோட்டார் சைக்கிளில் தொங்கும் பையைத்தான் முதலில் தேடும்.

திரும்புவது ஐந்து மணிக்கு, அதற்குப் பிந்த வேண்டாம்.

ஆறாம் நாள்: எலிஃபன்ட் ரொக், பீநட் ஃபார்ம், பாணமை

அறுகம்பேயிலிருந்து பாணமை பன்னிரண்டு கிலோமீற்றர் சொச்சம், தார் வீதி. அதிலிருந்து இடப்பக்கம் பிரியும் மணல் தடங்கள்தான் கடலுக்குப் போகின்றன. எலிஃபன்ட் ரொக் மணலடி அலை, பழகுகிறவர்களுக்கு. பீநட் ஃபார்மில் இரண்டு அலை: உள்ளே மெல்லியது, வெளிப் பாறையடியில் குறுகலாகக் குழல் விடுவது. இரண்டாவது அனுபவசாலிகளுக்கு மட்டும். பாணமைக் கரையில் அலை நிலத்தோடு அடித்து மூடும், பார்த்துவிட்டு வரலாம்.

மணல் தடத்தில் இறங்கும் முன் காற்றைக் குறைக்க வேண்டும். தார் வீதிக்கு முன் 25, பின் 30 பிஎஸ்ஐ வைத்திருந்தால், மணலுக்கு 18, 20க்கு இறக்குங்கள். டயர் பரந்து மேலே மிதக்கும். ரியூப் உள்ள சில்லில் 15க்குக் கீழே போகக் கூடாது. போனால் டயர் விளிம்பில் வழுக்கிச் சுற்றி, ரியூபின் வால்வைப் பிய்த்துவிடும். ஒட்ட முடியாத பஞ்சர் அது. இரண்டாம் கியர், அக்சிலரேட்டரில் சீரான திருகல், பிட்டத்தைப் பின்னே தள்ளி, கண்ணை இருபது மீற்றர் தள்ளி வையுங்கள். முன் சில்லு பாம்பாக நெளியும், நெளியட்டும். பயத்தில் திருகலை மூடினால் பாரம் முன்னே சாய்ந்து சில்லு குத்திக்கொள்ளும். முன் பிறேக்கைத் தொடவே வேண்டாம். புதைந்துவிட்டால் திருகத் திருகச் செயின் வரை இறங்கும். அணைத்து, இறங்கி, வண்டியை இடமும் வலமும் ஆட்டிச் சில்லின் பள்ளத்தில் மணல் விழவைத்து, முதல் கியரில் பக்கத்தில் நடந்தபடி வெளியே எடுங்கள். தார் ஏறியதும் பம்படித்து நிரப்பாமல் 60இல் ஓடக் கூடாது.

இந்தத் தடங்கள் எல்லாம் ஏதாவது ஒரு களப்பைத் தொட்டுக்கொண்டு போகும். களப்பு என்றால் முதலை. நன்னீரில் குளத்து முதலை, முகத்துவாரங்களில் உவர்நீர் முதலையும் உண்டு. 2017இல் எலிஃபன்ட் ரொக் அருகே களப்பில் கை கழுவப் போன பிரிட்டிஷ் செய்தியாளர் ஒருவர் முதலை இழுத்து இறந்தார். கடல் உப்பைக் கழுவ நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் போத்தலில் கொண்டுபோங்கள். போர்டோடு முகத்துவாரத்தைக் கடந்து மறுகரைக்குப் போகும் குறுக்கு வழியும் வேண்டாம், தண்ணீர் கணுக்கால் அளவு தெரிந்தாலும்.

ஏழாம் நாள்: குடும்பிகல, உகந்தை

பாணமைக்கு அப்பால் கிறவல். வெயில் காலத்தில் கூரைத் தகரம் மாதிரி வரிவரியாக எழும்பியிருக்கும். 20இல் போனால் பல் கிட்டிக்கும், 45, 50இல் சில்லு வரியின் தலையை மட்டும் தொட்டுப் போகும். ஆனால் அந்த வேகத்தில் பிறேக் பிடிக்காது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வளைவுக்கு முன்பே குறைக்க வேண்டும். மயில், எருமை, பன்றி எல்லாம் குறுக்கே வரும். கைபேசிச் சிக்னல் போய்ப் போய் வரும், வரைபடத்தைப் பொத்துவிலிலேயே இறக்கி வையுங்கள்.

வழியில் குடும்பிகல, பாறைக் குகைகளுக்குள் அமைந்த பௌத்த துறவி மடம். உச்சிப் பாறையில் ஏறினால் ஒரு பக்கம் காடு, மறுபக்கம் கடல், நடுவே களப்புகள். பத்து மணிக்கு முன் ஏற வேண்டும். வெறுங்கால், பாறை சுடும். தோள், முழங்கால் மூடிய உடுப்பு.

உகந்தையில் முருகன் கோவில் கடலைப் பார்த்திருக்கிறது. யாழ்ப்பாணம் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கும் பாதயாத்திரை, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று இதே கரையோரம் இறங்கி, இங்கிருந்து காட்டுக்குள் புகுகிறது. கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு கிழமைதான் அந்தக் காட்டுப்பாதை திறக்கும், தேதி ஆண்டுதோறும் மாறும். அந்தக் காலத்தில் மோட்டார் சைக்கிளில் வந்தால் வீதி முழுதும் அடியார்கள், தங்க இடம் இராது. பக்தியோடு வருகிறவர்களுக்கு அதுவே காலம், அலைக்கு வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய காலம். கோவில் எல்லையைப் போர்டும் ஈரக் காற்சட்டையுமாகக் குறுக்கே கடக்க வேண்டாம், சுற்றிப் போகத் தடம் இருக்கிறது.

உகந்தை முனை அலை அறுகம்பேயை விட நேராகத் தெற்கைப் பார்ப்பதால் சிறு ஸ்வெல்லையும் பிடிக்கும். கூட்டம் இல்லை என்பது நல்லது, அடிபட்டால் இழுத்துவர ஆள் இல்லை என்பதும் அதே காரணத்தால். தனியாக வந்தவர் வெளிப் பாறைப் பகுதியை விட்டுவிட்டு உட்பகுதியில் ஓடினால் போதும். மூன்று மணிக்கு வெளிக்கிட்டால் பாணமையை வெளிச்சத்தில் தொடலாம்.

எட்டாம் நாள்: குமண, திரும்பும் வழி

உகந்தையில்தான் குமண தேசியப் பூங்காவின் வாயில். மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. பாணமையிலோ அறுகம்பேயிலோ ஜீப் பேசி, விடியற்காலை நாலரைக்கு வெளிக்கிட்டு, ஆறு மணிக்கு வாயில் திறக்கும்போது நிற்க வேண்டும். தனியாளுக்கு முழு ஜீப் கூலி கனம். முதல் நாள் பின்னேரமே தங்குமிடத்தில் கேட்டு வைத்தால் பங்குக்கு ஆள் சேரும்.

முன்பு யால கிழக்கு என்று இருந்த இந்தக் காடு போரால் 1985 முதல் 2003 வரை மூடிக் கிடந்தது. 2006இல் குமண என்று பெயர் மாறியது. யாலவில் சிறுத்தைக்கு முன்னால் முப்பது ஜீப் நிற்கும் கூத்து இங்கே இல்லை, சிறுத்தை தெரியும் வாய்ப்பும் அதற்கேற்பக் குறைவு. இங்கே வருவது பறவைக்கு. குமண வில்லு, சுமார் 200 ஹெக்டேயர் சதுப்பு. வைகாசி முதல் ஆடி வரை மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா, பாம்புத்தாரா எல்லாம் கண்டல் மரங்களில் கூடு கட்டும். இலங்கையில் மிக அரிதாகிவிட்ட கருங்கழுத்து நாரைக்கும் இந்தத் தென்கிழக்குக் கரைதான் மிச்சம். வில்லுக்கு முதலில் போகச் சொல்லுங்கள். ஒன்பது மணிக்கு மேல் வெயிலில் பறவைகள் சோம்பிவிடும். தெற்கெல்லையில் கும்புக்கன் ஓயா, மருத மரநிழல், அங்கே இறங்கக்கூடிய இடத்தை வனசீவராசி வழிகாட்டி சொல்வார். அவர் சொன்ன இடத்தைத் தவிர வேறெங்கும் கால் வைக்க வேண்டாம்.

மதியத்துக்குள் திரும்பி வண்டியை எடுத்தால், கொழும்புக்குப் போகிறவர்கள் ஏ4இல் லகுகல, சியம்பலாண்டுவ, மொனராகலை வழியே போகலாம். லகுகலவை நான்கு மணிக்கு முன் தாண்ட முடியாவிட்டால் அன்றிரவு பொத்துவில்தான்.

வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன் ஒரு மணி நேரம் அதற்கு ஒதுக்க வேண்டும். உப்பும் மணலும் சேர்ந்த எண்ணெய்ப் பசை செயினை அரைத்துத் தள்ளும். மண்ணெண்ணெயில் தோய்த்த துணியால் துடைத்து, பழைய பற்தூரிகையால் இணைப்புகளைத் தேய்த்து, காய்ந்த பிறகே மெல்லிய எண்ணெய் விடுங்கள். ஓ-றிங் செயினானால் கம்பித் தூரிகையும் பெற்றோலும் வேண்டாம், றப்பர் கெட்டுவிடும். தொய்வு நடுவில் 25 மில்லிமீற்றர் அளவு. காற்று வடிகட்டி நுரை வகையானால் சவர்க்காரத் தண்ணீரில் பிழிந்து, உலர்த்தி, எண்ணெய் நனைத்துப் போடலாம். தாள் வகையானால் தட்டிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். பின் பிறேக் டிரம்மைத் திறந்து பாருங்கள். பிடிக்கும்போது கரகரத்தால் உள்ளே பீநட் ஃபார்ம் மணல் ஒரு கரண்டி இருக்கும். துணியால் துடைத்து எடுங்கள், வாயால் ஊதாதீர்கள், அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது.